பிஸ்கட் டப்பாவுக்குள் ஐந்து போன்கள்

மார்ச் 10, திங்கள்

காலையில் சமையலறைக்குள் கால் வைத்தால் தரையெல்லாம் தண்ணீர். ஃப்ரிட்ஜ் செத்துவிட்டது. மெக்கானிக் பின்பக்கத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம் மேடம்" என்றார். இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, உள்ளூரச் சந்தோஷம். சாயங்காலமே கடைக்குப் போய்விடலாம் என்றார். சரி என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன்.

மத்தியானம் டப்பா வெளியே வந்தது.

அது ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடியில் குதிரை வண்டிப் படம், பாதி அழிந்துபோனது. மத்திய வங்கியின் செலாவணிப் பிரிவில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்தே இருக்கிறது. டாலரின் விலையை மாற்றப் போகிறார்கள் என்றால், மூன்றாம் மாடி அறையில் ஐந்து பேரை உட்காரவைத்துப் போன்களை அதில் வாங்கி மூடிவிடுவார்கள். அறிவிப்பு வரும்வரை தினமும் இப்படித்தான். சாயங்காலம் போனைத் திருப்பித் தருவார்கள். வாயை மட்டும் நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இன்னொரு விதியும் உண்டு. அந்த நாட்களில் எங்கள் ஐந்து பேர் வீட்டிலும் வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் ஒன்றையும் வாங்கக் கூடாது, எதற்கும் முன்கூட்டிப் பணம் கட்டக் கூடாது.

டப்பாவை மேசைமேல் வைத்து, தன் போனையே முதலில் அதில் போட்டுவிட்டு, எங்கள் இயக்குநர் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். "இந்த ரூமுக்குள்ள வந்தப்புறம் உங்களுக்குச் சொந்தக்காரங்க கிடையாது." உயரம், நேரம் தவறாமை, முகத்தில் மாறாத ஒரே பாவம் — மூன்றுக்கும் சேர்த்து அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. அவருக்கும் அது தெரியும். பதினெட்டு வருடமாக அவர் கீழே வேலை பார்க்கிறேன். நேர்மை என்று ஒன்று மனித உருவத்தில் உண்டு என்று நான் நம்புவதற்கு அவர்தான் காரணம்.

இதை இங்கே எழுதுவதே தப்பு. எழுதியாகிவிட்டது.

சாயங்காலம் இவர் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக நின்றார். "ஃப்ரிட்ஜ் இன்னும் ஒரு வாரம் போகட்டும்" என்றேன்.

"ஏன், தள்ளுபடி வருதா?"

"ம்" என்றேன்.

மார்ச் 12, புதன்

பால் திரிந்துவிட்டது. மறுபடியும்.

மார்ச் 13, வியாழன்

தம்பி வந்திருந்தான். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. "பேண்டெல்லாம் கிரீஸ்" என்று வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவன் பட்டறையில் சக்கர நாற்காலி செய்கிறான். குழாயை வளைப்பது, பற்றவைப்பது, துணி தைப்பது எல்லாம் இங்கேதான். சக்கரமும் பேரிங்கும் மட்டும் வெளிநாட்டுச் சரக்கு. அரசு ஆஸ்பத்திரிக்கு முந்நூறு நாற்காலி செய்துதர ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது, விலை பேசி முடித்துக் கையெழுத்தாகிவிட்டது. சக்கரம் கடனுக்கு வந்து இறங்கிவிட்டது. அதற்கு அடுத்த மாதக் கடைசிக்குள் டாலரில் பணம் கட்ட வேண்டும். இவ்வளவையும் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறான். இன்று மறுபடி முதலிலிருந்து சொன்னான். கேள்வி வருகிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து உள்ளே போயிருக்கலாம்.

"அக்கா, டாலரை இப்பவே வாங்கிக் கட்டிடட்டுமா, இல்ல கெடு வரைக்கும் பொறுக்கட்டுமா? கையில இருக்கு. ஆனா இப்ப கட்டிட்டா ஆட்களுக்குச் சம்பளம் இடிக்கும்."

"எனக்குத் தெரியாதுடா."

என் முகத்தையே பார்த்தான். சின்ன வயதில் சீட்டு விளையாடும்போது பார்ப்பானே, அதே பார்வை. அப்புறம் சிரித்தான்.

"நீயே தெரியாதுங்கிறேன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஏதாவது இருந்தா உன் மூஞ்சியே காட்டிக்குடுத்துடும். சரி, ஆட்களுக்கு முதல்ல சம்பளத்தக் குடுத்துடறேன்."

காபியைக் குடித்துவிட்டுப் போனான். டம்ளரில் கிரீஸ் விரல் பதிந்திருந்தது. நான் அதைக் கழுவவில்லை; இவர்தான் கழுவி வைத்தார்.

சொல்ல முடியாது என்று சொல்லியிருக்கலாமா? ஆனால் 'சொல்ல முடியாது' என்பதே ஒரு பதில்தான். அதைக் கேட்டு அவன் காலையில் வங்கிக்கு ஓடியிருப்பான். அப்படி ஓட முடியாதவர்கள் ஊரில் எத்தனை பேர்? அக்கா இல்லாதவர்கள்? மணிக்கூண்டு ஒருமுறை சொன்னார்: நாம் வாயைத் திறந்தால், தெரிந்தவன் தப்பித்துவிடுவான், தெரியாதவன் தலையில் இரண்டு மடங்கு விழும். சரியாகத்தான் சொன்னார். சரியாகத்தானே சொன்னார்?

மார்ச் 14, வெள்ளி

மாலை அறிவித்துவிட்டார்கள். நம் பணத்தைத் தாங்கிப் பிடிக்காமல் அதன் போக்கில் விட்டாயிற்று. கடன் கொடுக்க வந்திருக்கும் வெளிநாட்டுக் குழு ஆறு மாதமாகக் கேட்டது இதைத்தான். கையிருப்பில் டாலர் இல்லை, மருந்துக் கப்பல் துறைமுகத்தில் சரக்கை இறக்காமல் நிற்கிறது. வேறு வழி இல்லை என்பது எனக்கும் தெரியும். அறிக்கையை எழுதியதே நான்தான். 'குறுகிய காலச் சிரமங்கள்' என்ற சொற்றொடர் என்னுடையது. மணிக்கூண்டு அதன்கீழே கோடு போட்டு "அழகு" என்று எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 17, திங்கள்

நூறு கொடுத்து வாங்கிய டாலர் இன்று நூற்றைம்பத்திரண்டு.

தம்பி ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"வாழ்த்துக்கள்க்கா. பெரிய வேலை பண்ணியிருக்கீங்க எல்லாரும்."

"டேய், நான் சொல்றத—"

"தெரியாதுன்னு சொன்னியே. சொல்ல முடியாதுன்னு சொல்லியிருந்தாக்கூட நான் எதுவும் கேட்டிருக்க மாட்டேன். தெரியாதுன்னு என் கண்ணப் பாத்துச் சொன்ன."

வைத்துவிட்டான். மேசையில் இருந்த பேனாவை மூடினேன், திறந்தேன், மூடினேன். எதிரே மணிக்கூண்டு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கடன் குழுவோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் 22, சனி

இவர் கடைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். ஃப்ரிட்ஜ் விலை ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஏறியிருக்கிறது. திரும்பப் போய் அரை லிட்டர் பால் வாங்கி வந்து காய்ச்சி, டம்ளரை என் முன்னால் வைத்தார்.

"குடி. நாட்டைக் காப்பாத்தின பால். சாயங்காலத்துக்குள்ள திரிஞ்சிடும்."

சிரித்துவிட்டேன். சிரித்தபடியே அழுதுவிட்டேன். இவர் பயந்துபோய், "சரி விடு, ஃப்ரிட்ஜ்தானே" என்றார். ஃப்ரிட்ஜ் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் 9, புதன்

பட்டறைக்குப் போனேன். கூப்பிடாமல் போனேன். வெளியே வெயிலில் சக்கரம் மாட்டிய நாற்காலிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பேசிய விலைக்கு மேல் ஒரு காசு தர மாட்டார்களாம். பேசியது பேசியதுதானாம். சக்கரக்காரன் டாலரில்தான் கேட்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்காலி ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது தம்பி கையிலிருந்தும் பணம் வைத்துக் கொடுக்கிறான் என்று ஆகிவிட்டது.

என் சேமிப்பை எடுத்துத் தருகிறேன் என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பற்றவைப்புக் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டான். கண்ணாடிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"காசு வேணாம். அன்னைக்கு ஒரு வார்த்தை வேணும்னுதான் வந்தேன். அது உன்கிட்ட இருந்துச்சு."

ஜூன் 28, சனி

பட்டறை மூடியாகிவிட்டது. ஆட்கள் ஆறு பேரும் போய்விட்டார்கள். குழாய் வளைக்கும் எந்திரத்தை இரும்புக் கடைக்காரன் எடை போட்டு எடுத்துக்கொண்டானாம். தம்பி மனைவிதான் போனில் சொன்னாள். "அந்த மெஷின அவர் கல்யாணப் போட்டோவத் துடைக்கிற மாதிரி தினமும் எண்ணெய் வச்சித் துடைப்பார் அண்ணி. எடை போடறப்ப உள்ள போய்ப் படுத்துக்கிட்டார்" என்றாள். என்னிடம் அவளுக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 30, சனி

தம்பி வெளிநாடு போய்விட்டான். போய் ஒரு வாரம் கழித்து எனக்குத் தெரிகிறது.

நாற்பத்திரண்டு வயதில்.

செப்டம்பர் 18, வியாழன்

நான் செய்தது சரி. இதை அடிக்கடி எழுதிப் பார்க்கிறேன். ஐந்து பேரும் வாயை மூடியிருந்தோம். ஒரே ஒருவர்கூடக் கசியவிடவில்லை என்று கடன் குழுவே பாராட்டியது. என் தம்பிக்கு என்ன நடந்ததோ அதுதான் ஊர் முழுக்க எல்லாருக்கும் நடந்தது. எனக்கென்று ஒரு வழி, மற்றவர்களுக்கு ஒரு வழி என்று இல்லை. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் படியேறி ஆபீசுக்குள் போகிறேன்.

நவம்பர் 15, சனி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். மெல்ல எழுதுகிறேன்.

மணிக்கூண்டு வீட்டில் விருந்து. கடன் கொடுக்கும் அந்த நிறுவனமே அவரை ஆலோசகராக எடுத்துக்கொண்டது. எங்களைப் போன்ற ஏழை நாடுகளுக்கு நிலைத்தன்மை பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போகிறார். மாலை, பேச்சு, கைதட்டல். பேசியவர்களில் நானும் ஒருத்தி. மனசாரப் பேசினேன்.

அப்புறம் அவருடைய மகள் டீ கொண்டுவந்தாள். வெளிநாட்டில் கட்டடக் கலை படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நல்ல பெண். கேட்காமலேயே பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"என்கூட இங்கேயிருந்து வந்தவங்க பாதிப் பேர் படிப்ப விட்டுட்டுத் திரும்பிட்டாங்க ஆன்ட்டி. பணம் விழுந்ததுல ஃபீஸ் கட்ட முடியல. நான் தப்பிச்சேன். அப்பா நாலு வருஷத்துக்கும் சேர்த்து முன்னாடியே கட்டிட்டார்."

"அப்படியா, எப்பம்மா?" என்றேன். சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"போன மார்ச்ல. அப்பாவப் பகல்ல போன்லயே பிடிக்க முடியாத வாரம் ஒண்ணு வந்துச்சே, அதுலதான். அம்மா தனியா பேங்க்குக்கு அலைஞ்சு கட்டினாங்க. 'உங்கப்பா எப்பவும் இப்படித்தான், வேலையெல்லாம் என் தலையில'ன்னு ஒரே புலம்பல்."

டீ சூடாக இருந்தது. முழுவதையும் குடித்தேன். நாக்கு பொத்துவிட்டது.

அந்த வாரம் நான் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கவில்லை. ஒரு ஃப்ரிட்ஜ்!

நவம்பர் 17, திங்கள்

கேட்டுவிட்டேன். அவர் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கதவை மூடிவிட்டு நின்றபடியே கேட்டேன். மறுப்பார், கோபப்படுவார், மகள் தேதியைத் தப்பாகச் சொல்லியிருப்பாள் என்பார் — ராத்திரியெல்லாம் ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்துவைத்திருந்தேன்.

எதுவும் தேவைப்படவில்லை.

"உக்காரும்மா" என்றார். "என் பொண்ணு படிப்பு. நான் என்ன, லட்சக்கணக்குல அடிச்சேனா? எந்த அப்பனும் செய்யறதத்தான் செஞ்சேன்."

"எங்ககிட்ட சொந்தக்காரங்க கிடையாதுன்னு சொன்னீங்களே சார்."

"சொல்லித்தான் ஆகணும். அது அந்த நாற்காலில உக்கார்றவன் சொல்ல வேண்டிய வசனம்." ஒரு புத்தகத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகுதான் அதைச் சொன்னார். கேலியில்லை, திட்டு இல்லை. உண்மையான அக்கறையோடு சொன்னார். "உன் தம்பி விஷயம் காதுல விழுந்துச்சு. எனக்கே ஆச்சரியம். நீ ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்னுதாம்மா நான் நினைச்சிட்டிருந்தேன்."

நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அப்படியானால் மற்ற மூன்று பேரும்? அந்த அறையில் எல்லாருக்கும் அது வசனம் என்று தெரிந்திருந்ததா? நான் மட்டும்தான் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு திரிந்த பைத்தியமா? கேட்க வாய் வரவில்லை. அவர்கள் 'ஆமா' என்றால் அதற்கப்புறம் தினமும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே.

கிளம்பும்போது அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். "இது இனிமே உன்கிட்ட இருக்கட்டும். உன்னவிடப் பொருத்தமான ஆள் கிடையாது."

வாங்கிக்கொண்டேன்! வாங்கிக்கொண்டு "தேங்க்யூ சார்" என்று வேறு சொன்னேன். பழக்கம். பதினெட்டு வருடப் பழக்கம்.

நவம்பர் 18, செவ்வாய்

திருடியிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த மனுஷன் என் தம்பியை வைத்து எனக்கு நேர்மை கற்றுக்கொடுத்திருக்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

கடன் குழுவின் ஆண்டு அறிக்கை வந்திருக்கிறது. நம் நாட்டைப் பற்றி நல்லதாக நாலு வரி. ஒழுங்கு, துணிவு, உறுதி. அதோடு, 'வெளிநாட்டில் பணிபுரிவோர் அனுப்பும் தொகையில் ஊக்கமளிக்கும் உயர்வு'.

அந்த உயர்வில் ஒரு துளி என் தம்பி. ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழுந்து ஊக்கமளித்துக்கொண்டிருக்கிறான்.

பிப்ரவரி 4, புதன்

புது இயக்குநர் வந்து ஒரு வாரம் ஆகிறது. இளைஞர், சுறுசுறுப்பு. டப்பாவை அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். வேறு பிரிவுக்கு மாற்றம் வேண்டும் என்றேன்.

"பதவி உயர்வு வர்ற நேரத்துலயா மேடம்? எங்க போகணும்?"

"கிழிஞ்ச நோட்டுப் பிரிவுக்கு."

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார். நான் சிரிக்காமல் நின்றேன். சிரிப்பு அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் வழி தெரியாமல் நின்றது.

இவரிடம் சொன்னபோது "சம்பளம் குறையுமா?" என்றார். குறையாது, இனிமேல் ஏறாது, அவ்வளவுதான் என்றேன். "அப்ப சரி, ஃப்ரிட்ஜ் இல்லாமலே பழகிட்டோம்" என்றார்.

மார்ச் 19, வியாழன்

தரைத்தளம். கம்பி வைத்த ஜன்னல், நீளப் பலகை, பசை வாசனை. துவைக்கிற எந்திரத்தில் சுற்றிய நோட்டு, எலி கடித்த நோட்டு, அடுப்பில் பாதி எரிந்த நோட்டு — ஜனங்கள் பையிலும் துணியிலும் சுற்றி எடுத்து வருகிறார்கள். துண்டுகளைச் சேர்த்து ஒட்டிப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் தேறினால் புது நோட்டு.

இன்று ஓர் அம்மா தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்த பணத்தை அள்ளி வந்தார். கறையான் அரித்துப் பொடியாகியிருந்தது. "பேங்க்ல போட்டிருக்கலாமேம்மா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கறையான் பரவால்லம்மா. தின்னா தின்னுடுச்சுன்னு கண்ணுக்குத் தெரியுது" என்றார்.

பக்கத்து மேசை எழுத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அந்தத் துண்டுகளோடு சாப்பாட்டு நேரத்தையும் தாண்டி உட்கார்ந்திருந்தேன். அதில் பாதிப் பணம் தேறியது.

மே 3, ஞாயிறு

தம்பி பேசினான்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நீளமான நம்பர். எடுத்தால், "அக்கா." அவ்வளவுதான். வாளியை எங்கே வைத்தேன் என்று இன்னும் ஞாபகமில்லை.

ஏதோ நேற்றுத்தான் பேசிய மாதிரி பேசினான். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி பழுது பார்க்கிறானாம். "நம்ம நாற்காலி மாதிரி இல்லக்கா, சும்மா விரலால தொட்டா ஓடுது. ஆனா வெல்டிங் நம்மளுதுதான் சுத்தம்." அறையில் ஒருவன் குறட்டை விடுவது, சமையல் முறை இவனுக்கு வரும் நாளில் மற்றவர்கள் வெளியே சாப்பிடப் போய்விடுவது. சிரித்தேன். ஒரு வருடத்துக்கும் மேல் சேர்த்து வைத்ததையெல்லாம் சிரித்தேன்.

அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அக்கா, இந்த மாசம் கொஞ்சம் கூடச் சேர்ந்திருக்கு. இப்பவே அனுப்பட்டுமா, இல்ல வச்சிருந்து அனுப்பட்டுமா? அங்க நிலவரம் எப்படி?"

"எனக்குத் தெரியாதுடா. நான் இப்ப அந்த வேலையிலயே இல்ல. கீழ உக்காந்து கிழிஞ்ச நோட்டு ஒட்டறேன்."

வைத்துவிட்டான் என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சிரித்தான்.

"சரி சரி. புரிஞ்சுருச்சு."

"என்னடா புரிஞ்சுது?"

"போன தடவையும் இதே குரல்லதான் தெரியாதுன்ன. அப்பத்தான் நான் மடையன், புரிஞ்சிக்கல. விடுக்கா, போன்ல எதுவும் பேச வேணாம். நான் அனுப்பாம வச்சிக்கறேன். ஏறட்டும்."

"டேய், நிஜமாவே எனக்கு—"

"தேங்க்ஸ்க்கா."

வைத்துவிட்டான்.

எனக்கு உண்மையாகவே தெரியாது. டாலர் ஏறுமா இறங்குமா, மேல்மாடியில் அந்த டப்பா வெளியே வந்ததா இல்லையா என்பதுகூடத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் கீழே வந்தேன். அவனைப் போல எல்லாரும் அனுப்பாமல் பிடித்து வைத்தால் ஏறத்தான் செய்யும். அப்போது அக்கா சொன்னது பலித்தது என்பான். இறங்கினால்?

திரும்பக் கூப்பிட்டு, இல்லைடா, தப்பாக எடுத்துக்கொண்டாய் என்று சொல்ல வேண்டும். நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் நம்ப மாட்டான். ஒருவேளை நம்பிவிட்டால், மறுபடி எப்போது பேசுவான்?

ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிறது, என்னை நம்பி அவன் ஒரு காரியம் செய்து.

நம்பரை அழுத்தவில்லை.

இந்த மாதம் அவன் வீட்டுக்குப் பணம் வராது. பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் இருக்கிறது, வாடகை இருக்கிறது. நாளைக்கே போய்த் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு என்று எடுத்து வைத்தது இருக்கிறது.

இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஃப்ரிட்ஜ் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன்.

பேப்பருக்கு மேலே கண்ணை மட்டும் உயர்த்தினார். "ஏன், தள்ளுபடி வருதா?"

"ம்" என்றேன்.